உணவகக் கழிவை சமையற்கட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணம் பகுதிப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் உணவகக் கழிவுகளைக் கொண்டு பயனுள்ள பொருள்களைச் செய்து அறிவியல் கண்காட்சிகளில் வைப்பதை அண்மைக் காலமாகப் பார்த்து வருகிறேன். வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால், வடையும் பஜ்ஜியும் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயிலிருந்து அவர்கள் செய்யும் சோப்பு என்னை மிகவும் கவர்ந்தது. எண்ணெயை இரவு முழுவதும் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, எடை போட்டு, அதற்கேற்ற அளவு காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து (சோடாவைத்தான் தண்ணீரில் இட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்), ஆறியபின் எண்ணெயில் சிறிது சிறிதாக விட்டுக் கிளறுகிறார்கள். கலவை மோர்க்குழம்புப் பதத்துக்கு வந்ததும் அச்சில் ஊற்றிச் சில வாரங்கள் உலர வைத்து, காரம் மிச்சமிருக்கிறதா என்று சோதித்த பிறகே வெளியில் தருகிறார்கள். பாத்திரம் துலக்கவும் தரை கழுவவும் மட்டுமே இது ஏற்றது, உடம்புக்குத் தேய்க்க வேண்டாம் என்று அவர்களே எழுதி ஒட்டியிருந்த பொறுப்புணர்வு எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள் (மொத்த துருவச் சேர்மங்கள்) 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 முதல் நடைமுறையில் உள்ளது. அத்தகைய எண்ணெயைத் திரட்டிப் பயோடீசல் தயாரிக்கும் திட்டத்தையும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டில் தொடங்கியது. ஆயினும் திரட்ட ஆளில்லாத சிறு கடைகளின் எண்ணெய் சாக்கடையில் கொட்டப்பட்டால் உறைந்து அடைத்துக்கொள்கிறது. மலிவு விலைக்குக் கைமாறினால் மீண்டும் நம் வயிற்றுக்கே வருகிறது.

மாணவர்களின் உண்மையான இடர்ப்பாடு செய்முறையில் இல்லை, மூட்டையில் இருக்கிறது. மண்புழு உரத்துக்கென்று ஓர் உணவகத்திலிருந்து வந்த எச்சில் இலை மூட்டையை அவர்கள் கொட்டிப் பிரித்தபோது அருகிலிருந்து பார்த்தேன். இலைகளுக்கிடையே சாம்பார் கட்டிய பாலித்தீன் பைகள், ஊறுகாய்ப் பொட்டலங்கள், தண்ணீர் பாட்டில் மூடிகள். உப்பும் எண்ணெயும் மிகுந்த மிச்சச் சோறும் குழம்பும் அப்படியே தொட்டியில் விழுந்தால் மண்புழு பிழைக்காது. ஆகவே இலையைத் தனியே எடுத்து, நறுக்கி, சாணத்தோடு சேர்த்து முதலில் மட்க விட வேண்டியிருக்கிறது. படிக்கும் பிள்ளைகள் தங்கள் நேரத்தையெல்லாம் பாலித்தீன் பொறுக்குவதில் செலவிடுவது எந்த வகையில் நியாயம்? கழிவை உண்டாக்குபவரே மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரித்துத் தர வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது.

எனவே உணவக உரிமையாளர்கள் சமையற்கட்டின் பின்புறம் இலைக்கு ஒன்று, காய்கறித் தோலுக்கும் காபிச் சக்கைக்கும் ஒன்று, பழைய எண்ணெய்க்கு மூடியுள்ள தகரம் ஒன்று என வைத்து, மேசை துடைக்கும் பணியாளருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டுகிறேன். மாணவர்கள் செய்யும் சோப்பைத் தங்கள் கடைத் தரை கழுவவே விலை கொடுத்து வாங்கினால், முயற்சி பரிசுக் கோப்பையோடு முடிந்துவிடாது. உரத்தை வாங்கிக்கொள்ளக் காவிரிக் கரையிலும் கொள்ளிடக் கரையிலும் வாழை பயிரிடுவோர் இருக்கிறார்கள்.

2028இல் மகாமகம் வருகிறது. அப்போது இங்குள்ள உணவகங்களில் குவியப்போகும் இலையையும் எண்ணெயையும் அன்றைக்கு யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், மாநகராட்சி நிர்வாகம் உணவக உரிமையாளர்களையும் கல்வி நிலையங்களின் தலைவர்களையும் இப்போதே ஒருசேர அழைத்துப் பேசி, முதற்கட்டமாக மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலாவது இந்த ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை,
கும்பகோணம்.