எங்கள் ஜேபெக்கை அப்படியே அடித்துத் தாருங்கள்: அல்பம் லாப் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

படக்கடை நடத்தும் நாங்கள் மட்டக்களப்பில் வருடக்கணக்காக அல்பம் அடிக்கக் கொடுத்துவரும் லாப்பின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன கிழமை வட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட அறிவித்தலைப் பார்த்தேன். அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து புதிய போட்டோஷொப்பில் சேமித்த லேயர் ஃபைல் (எழுத்தும் படமும் தனித்தனி அடுக்காக இருக்கும் ஃபைல்) மட்டும்தான் எடுப்பீர்களாம், பழைய பதிப்பில் செய்தது வந்தால் நீங்களே திறந்து 'அப்டேட்' செய்து அடிப்பீர்களாம், அதற்கு ஷீட்டுக்கு இவ்வளவு என்று மேலதிகக் காசாம். கீழே பத்துப் பன்னிரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். நான் காட்டவில்லை. ஏன் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை என்று உங்கள் ஒப்பரேட்டர் தம்பி தனியாகக் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுதத் தொடங்கித்தான் இது இவ்வளவு நீண்டுவிட்டது, சரி, எல்லாரும் படிக்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். நாங்கள் டிசைன் முடித்து ஜேபெக்காக்கி, அதாவது எல்லாம் சேர்ந்த ஒரே படமாக்கித் தருவதை, எந்தப் பதிப்பில் செய்தது என்று கேட்காமல், உள்ளே கைவைக்காமல், அப்படியே அடித்துத் தாருங்கள்.

அறிவித்தல் போன கிழமை வந்தாலும் 'அப்டேட்' வேலை அதற்கு முதலே தொடங்கிவிட்டது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். களுவாஞ்சிக்குடிப் பக்கத்துச் சாமத்திய வீட்டு அல்பம் அது. நான் இரண்டும் தந்தேன்: அடிப்பதற்கு ஜேபெக், நீங்கள் கேட்டதற்காக லேயரோடு பிஎஸ்டி, அதாவது போட்டோஷொப்பின் சொந்த ஃபைல். ஜேபெக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு பிஎஸ்டியைத் திறந்திருக்கிறீர்கள். உங்கள் புதிய மெஷினில் பாமினி எழுத்துரு இல்லை. இல்லாத எழுத்துருவுக்குப் பதிலாக வேறொன்றைப் போடட்டுமா என்று அது கேட்டிருக்கும், யாரோ 'ஆம்' என்று அமத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது.

பாமினி எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வரைந்து வைத்த எழுத்துரு. எழுத்துருவை உருவினால் அடியில் கிடக்கும் ஆங்கிலம் வெளியே வரும். 'பூப்புனித நீராட்டு விழா' என்று தங்க நிறத்தில் நான் போட்டுக் கொடுத்த அட்டை திரும்பி வந்தபோது அதில் முதலில் ஒரு சின்ன ஜி, பிறகு ஒரு கூட்டல் குறி, மறுபடி ஒரு சின்ன ஜி, ஒரு அரைப்புள்ளி, அப்புறம் ஒரு பெரிய ஜி. பாமினியில் மெய்யெழுத்துப் புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் கட்டையில். பிள்ளையின் பெயரில் இரண்டு புள்ளி வைத்த எழுத்து, ஆகவே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு அரைப்புள்ளி. நிழல், தங்கப் பூச்சு, ஓரக்கோடு எல்லாம் நான் கொடுத்தபடியே அச்சொட்டாக இருந்தன. அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை. குப்பைக்குத் தங்க முலாம் பூசியது போலக் கிடந்தது.

பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோனது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்குத்தான் உங்களிடமிருந்து கைக்கு வந்தது. பிள்ளையின் தகப்பன் கட்டாரில் வேலை செய்பவர், இந்தச் சடங்குக்காகவே லீவு எடுத்து வந்தவர், ஞாயிறு இரவு வான் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்பட வேண்டும். அல்பத்தைக் கையோடு கொண்டுபோய் அறையில் இருக்கிற கூட்டாளிகளுக்குக் காட்ட வேண்டும் என்று மூன்று தரம் போன் எடுத்தவர். நேராக வீட்டுக்கே கொண்டுபோனேன். பாயை விரித்து, வீட்டில் எல்லாரும் சுற்றி இருந்து, அம்மம்மாவின் மடியில் வைத்துப் பெட்டியைத் திறந்தார்கள். அந்த அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். அட்டையை முகத்துக்குக் கிட்டப் பிடித்தார், கொஞ்சம் எட்டப் பிடித்தார், சேலைத் தலைப்பால் துடைத்தும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "எண்ட புள்ளைட பேரு எங்க மனே? இங்கிலீசிலயா அடிச்சிருக்கா?" என்றார்.

அது இங்கிலீசும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தகப்பன் ஒரு சொல் கோபமாகப் பேசவில்லை. "திருத்தி வைங்க தம்பி, அடுத்த லீவுக்கு வந்து எடுக்கிறன்" என்றார். அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து. அன்று இரவு கடையைத் திறந்து என் சின்ன பிரிண்டரில் பன்னிரண்டு போஸ்ட்கார்ட் அளவுப் படம் அடித்து, ஒரு கடித உறையில் போட்டு, விடிய முன்னம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த மனிதர் நாற்பது பக்க அல்பத்துக்குக் காசு கட்டியவர், பன்னிரண்டு படத்தோடு விமானம் ஏறினார்.

இதற்கு நீங்கள் சொன்ன பதில்: "நீங்கள் புதிய வேர்ஷனில் செய்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திராது."

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் அச்சு மெஷினுக்கு லேயர் என்றால் என்னவென்றே தெரியாது. பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குல ஷீட், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3600க்கு 10800. அந்த 3 கோடியே 88 இலட்சத்துச் சொச்சம் புள்ளிகளின் நிறம் மட்டும்தான் அதற்கு வேண்டும். போட்டோஷொப் 7.0இல் செய்தாலும், சிஎஸ் 6இல் செய்தாலும், நேற்று வந்த பதிப்பில் செய்தாலும் கடைசியில் அது தட்டையாக்கப்பட்டு ஒரே படமாகத்தான் மெஷினுக்குள் போகிறது. எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற முறையில், ஆகக் கூடிய தரத்தில் சேமித்த ஜேபெக்கில் பாமினியும் இல்லை, இப்போதைய பொதுக் குறியீடான யூனிகோடும் இல்லை, எழுத்தே படமாகிவிட்டது, யார் திறந்தாலும் பெயர் பெயராகவே இருக்கும். அதை நான் தந்தேன். அது உங்கள் டெஸ்க்டொப்பில் இப்போதும் கிடக்கும்.

புதிய பதிப்புக்கு நான் எதிரி என்று ஒரு கதை குழுவில் போகிறது. 2002இல் வந்த 7.0இல்தான் இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் தொழில் பழகினோம். அதிலிருந்து சிஎஸ் 6க்கு மாறியவன் நான், அதற்குக் காரணமும் இருந்தது. நம்முடைய கரண்ட் எப்படிப் போய் வரும் என்று தெரியும்தானே. 7.0இல் இரண்டு மணித்தியால வேலை கரண்டோடு சேர்ந்து போய்விடும். 2012இல் வந்த சிஎஸ் 6தான் வேலையைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் பின்னால் தானே சேமித்து வைத்தது. அந்த ஒரு விஷயத்துக்காகவே மாறினேன். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் என் கடை ஓடியது அதனால்தான்.

அந்த சிஎஸ் 6, கனடாவில் இருக்கிற மச்சான் 2012 கடைசியில் வந்தபோது பெட்டியோடு வாங்கி வந்தது. அப்போது அமெரிக்க விலை 699 டொலர். அடுத்த வருடமே போட்டோஷொப்பைச் செய்யும் அடோபி கொம்பனி, இனிப் புதிய பதிப்புகளை விலைக்குத் தருவதில்லை, மாதக் கட்டணத்துக்கு மட்டும்தான் என்று அறிவித்தது. இப்போது போட்டோஷொப்பும் லைட்ரூமும் சேர்ந்த பொதி மாதம் 19.99 டொலர், டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே ஆறாயிரம். 35 மாதம் கட்டினால் மச்சான் கொடுத்த அதே 699 வருகிறது. நான் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் அந்தப் பெட்டியை வைத்துப் பிழைத்திருக்கிறேன், காசு கட்டாத மாதத்திலும் அது திறந்தது. மாசி பங்குனியில் கல்யாணம் நிறைய, காசு வரும், மார்கழியில் ஈ ஓட்டிக்கொண்டு இருப்போம், ஆனால் மாதக் கட்டணத்துக்கு மார்கழி தெரியாது. டொலர் 200இலிருந்து 360க்கு ஏறிய அந்த 2022இல் நான் வாடகைக்காரனாக இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று அடிக்கடி யோசிப்பதுண்டு.

கட்டணத்தோடு முடிந்தால் பரவாயில்லை. புதியதுக்கு ரெம் 8 ஜிபி ஆகக் குறைந்தது, 16 இருந்தால் நல்லது என்கிறார்கள். என்னிடம் இருப்பது 4. விண்டோஸ் 10க்குக் கீழே அது ஏறாது, என்னுடையது 7. சரி, 10 போடலாம் என்றால் 10க்கான இலவச ஆதரவே 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. 11 போட இந்த மதர்போர்ட் விடாது. கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்க்கத் தொடங்கி, பூனைக்குப் பாலுக்காக மாடு வாங்கி, கடைசியில் குடும்பஸ்தனாகிப்போன சாமியாரின் கதைதான். எனக்கு எலியும் இல்லை, கோவணத்தை நீங்கள்தான் கடித்தீர்கள்.

மன்னியுங்கள், கொஞ்சம் கூடிவிட்டது.

ஆனாலும் இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியாது. இவ்வளவு செலவா என்று கேட்டவனுக்கு உங்கள் கவுண்டரில் கிடைத்த பதில், "காசு எதுக்கு அண்ணன், தம்பிட்ட சொன்னா பென் டிரைவில போட்டுத் தருவான்" என்பது. நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, கணினி மென்பொருளும் அதற்குள் வரும். நம் ஊரில் யார் யாரிடம் எது இருக்கிறது என்று நான் தோண்டப் போவதில்லை, நானும் 7.0ஐ ஐம்பது ரூபாய் சிடியில் வாங்கியவன்தான். ஆனால் காசு கொடுத்து வாங்கியதை வைத்திருப்பவனிடம் அதை எறிந்துவிட்டுக் களவுச் சாமானைப் போடு, போடாவிட்டால் ஷீட்டுக்குத் தண்டம் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

புதியதில் நல்லது இல்லை என்று நான் சொல்லவில்லை. என் சிஎஸ் 6இல் யூனிகோட் தமிழ் போட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அதனால்தான் இன்னும் பாமினியோடு கிடக்கிறேன். புதியதில் கொம்பு ஒழுங்காக முன்னால் நிற்கிறது, உங்கள் மெஷினில் நானே பார்த்தேன். ஒரு நாள் நான் மாறினால் அந்தக் கொம்புக்காகத்தான் மாறுவேன். புதிய கெமராக்களின் ரோ ஃபைலும் (கெமரா பதிந்த மூல ஃபைல்) என்னிடம் நேராகத் திறக்காது, அதைத் திறக்கிற கெமரா ரோ என்ற துணை மென்பொருள் சிஎஸ் 6க்கு 2015 உடன் நின்றுபோனது. அதற்கு கொம்பனியே இலவசமாகத் தரும் டிஎன்ஜி கொன்வேர்ட்டர் இருக்கிறது, புதிய விண்டோஸ் உள்ள ஒருவரின் மெஷினில் போட்டால் ஒரு தேத்தண்ணி குடித்து வருவதற்குள் பழைய பதிப்பும் திறக்கிறபடி மாற்றித் தந்துவிடும். வானத்தை மாற்றும் வித்தைதான் உங்கள் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது. கல்லடிப் பாலத்தில் நின்று படம் எடுக்க வரும் மாப்பிள்ளை பெண்ணுக்கு வாவிக்கு மேல் இருக்கிற வானமே போதுமாக இருக்கிறது, இதுவரை ஒருவரும் வேறு வானம் கேட்டு வந்ததில்லை. அந்தப் பாலத்தையே பாருங்கள், 2013இல் பக்கத்தில் புதியதைத் திறந்தார்கள், அதற்காகப் பழையதை உடைத்துப் போடவில்லை.

ஆகவே மறுபடியும் தயவாகக் கேட்கிறேன். புதிய பதிப்பில் செய்கிறவர்கள் செய்யட்டும், அவர்களுக்கு என்ன சலுகை வேண்டுமானாலும் கொடுங்கள். எப்போது மாறுவது என்பதை என் கடையும் என் கணக்குக் கொப்பியும் தீர்மானிக்கட்டும். நாங்கள் தரும் ஜேபெக்கை அப்படியே அடித்துத் தாருங்கள், அதற்கு மேலதிகக் காசு கேட்காதீர்கள். எழுத்துரு பற்றி உங்கள் மெஷின் ஏதாவது கேட்டால், 'ஆம்' என்று அமத்த முதல் எங்களுக்கு ஒரு போன் எடுங்கள். முதலாம் திகதிக்கு முன் குழுவில் ஒரு வரி போட்டால் போதும்.

சாமத்திய வீட்டு அல்பத்தின் அட்டையையும் முதல் ஷீட்டையும் உங்கள் செலவில் திரும்ப அடித்துத் தர வேண்டும் என்பதையும் மரியாதையோடு ஞாபகப்படுத்துகிறேன். வியாழக்கிழமை காலை மட்டக்களப்புக்கு வருகிறேன். பென் டிரைவில் ஜேபெக் மட்டும்தான் இருக்கும், பிஎஸ்டி கொண்டுவர மாட்டேன்.

இப்படிக்கு,
களுவாஞ்சிக்குடியிலிருந்து உங்கள் பழைய வாடிக்கையாளன் ஒருவன்

பி.கு: திரும்ப அடித்ததை கட்டாருக்கு அனுப்ப ஆள் பார்த்து வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் பதினைந்தாம் திகதி போகிறார். அதற்கு முன் கிடைத்தால் பெரிய உதவி.