கல்லூரி விடுதிக் காப்பாளர்களுக்கும் மெஸ் கமிட்டியினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காப்பாளர்களுக்கும், மெஸ் கமிட்டியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். பொறியியல் கல்லூரி ஒன்றின் பக்கத்தில் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 11 வருடமாக லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். விடுதிப் பிள்ளைகள் பலருடைய ரத்தம் என் கை வழியாகத்தான் போகிறது. அந்த ரத்தத்தில் நான் பார்க்கிற கொழுப்பைப் பற்றித்தான் இந்த மடல்.

கேம்பஸில் வேலை கிடைத்ததும் சில கம்பெனிகள் மெடிக்கல் ரிப்போர்ட் கேட்கும். அதற்காகக் கடைசி வருடப் பிள்ளைகள் காலையில் வெறும் வயிற்றோடு நாலைந்து பேராக வருவார்கள். "இதுக்கு முன்னாடி கொலஸ்ட்ரால் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டால், "எனக்கு எதுக்குண்ணா? அது அப்பாவுக்குப் பார்க்கிறதாச்சே" என்பார்கள்.

போன வருடம் அப்படி ஒரு பையன் வந்தான். ஒல்லி. பேன்ட் நிற்க பெல்ட்டில் கூடுதலாக ஓட்டை போட்டிருந்தான். ரத்தம் எடுத்து, உறைய விட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றினேன். சிவப்பணுக்கள் அடியில் தங்கி மேலே சீரம் நிற்கும். நல்ல சீரம் இளமஞ்சளாக, டியூபுக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கும். அவனுடையது அரிசி கழுவிய முதல் தண்ணீர் மாதிரி வெள்ளையாகக் கலங்கி நின்றது. ரத்தத்தில் ஓடும் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு 612. அது 150-க்குள் இருக்க வேண்டும்; 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து வரும். முந்தின ராத்திரி லேட்டாகச் சாப்பிட்டிருப்பானோ என்று மூன்று நாள் கழித்து, 12 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வரச்சொல்லி மறுபடி எடுத்தேன். 540. கூட வந்த நண்பன், "உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு நான்தான் அப்பவே சொன்னேனேடா" என்று தோளில் தட்டினான். அந்தப் பையன் சிரிக்கவில்லை. ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்லணுமாண்ணா?" என்று கேட்டான். அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பி வைத்தேன்.

உடம்பு குண்டாக இருந்தால்தான் ரத்தத்தில் கொழுப்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் ஆட்களின் ரிப்போர்ட்டில் அடிக்கடி பார்ப்பது வேறு: மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குள் அடங்கியிருக்கும், ஆனால் ட்ரைகிளிசரைடு ஏறியிருக்கும், நல்ல கொலஸ்ட்ரால் என்கிற ஹெச்டிஎல் 40-க்குக் கீழே கிடக்கும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நாடு முழுக்க 20 வயதைத் தாண்டிய 1,13,000 பேரிடம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. அதில் நூற்றுக்கு 81 பேருக்கு ரத்தக் கொழுப்பு ஏதோ ஒரு வகையில் சரியில்லை. மாரடைப்பைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் 2007 அறிக்கையில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு 59-ஐ ஒட்டி.

சரி, 53 வயதில் வருவதற்கு இருபது வயதில் என்ன அவசரம்? கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை ராணுவ மருத்துவர்கள் அறுத்துப் பார்த்து 1953-இல் எழுதினார்கள். அந்த வீரர்களின் சராசரி வயது 22. முக்கால்வாசிப் பேரின் இதயத் தமனிகளில் அப்போதே கொழுப்பு படிய ஆரம்பித்திருந்தது. உங்கள் மெஸ்ஸில் வரிசையில் நிற்கிற வயது அது.

மெஸ்ஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரத்ததான முகாமுக்காக ஒரு விடுதியில் ஒரு நாள் முழுக்க இருந்தேன். காலையில் பூரி. மதியம் மலை மாதிரி சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். காய் என்று பார்த்தால் சாம்பாரில் மிதந்த இரண்டு முருங்கைத் துண்டுதான். சாயந்தரம் பஜ்ஜி. மூன்றுக்கும் ஒரே சட்டி, ஒரே எண்ணெய். பஜ்ஜி போடும்போது எண்ணெய் டிக்காஷன் நிறத்துக்கு வந்து நுரை கட்டியிருந்தது. மாஸ்டரிடம் கேட்டேன். "இந்த டின் நாளைக்கு வரைக்கும் வந்தாகணும் தம்பி, மெஸ் பில் ஏறினா பசங்கதான் சண்டைக்கு வருவாங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொடுத்த காசுக்குள் ஆயிரம் பேருக்குச் சமைக்கிறவர் அவர்.

ஆனால் கணக்கு போடுகிறவர்கள் நீங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் போலார் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலையிலிருந்தே இருக்கிறது. அதை அளக்கக் கையடக்கக் கருவியும் கிடைக்கிறது. டின்னில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. பாமாயிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் நிறைவுற்ற கொழுப்புதான் விஷயம். ரத்தத்திலிருந்து கெட்ட கொலஸ்ட்ராலை ஈரல் இழுத்துக்கொள்ளும் வேகத்தை அது குறைத்துவிடுகிறது.

எண்ணெயை மட்டும் மாற்றினாலும் போதாது. அந்தப் பையனுக்கு ஏறியிருந்த ட்ரைகிளிசரைடு பெரும்பாலும் சோறு, மைதா, சர்க்கரை வழியாக வருவது. மிஞ்சுகிற மாவுச்சத்தை ஈரல் கொழுப்பாக்கி ரத்தத்தில் விடும். ஏழரைக்கு மெஸ்ஸை மூடிவிடுகிறீர்கள். பிள்ளைகள் ஒரு மணி வரை முழித்திருக்கிறார்கள். பதினோரு மணிக்குப் பசித்தால் கேட்டுக்கு வெளியே ஃப்ரைட் ரைஸும் பரோட்டாவும் கூல்டிரிங்ஸும்தான் இருக்கின்றன. அந்த நேரத்துக்கு மெஸ்ஸிலேயே ஒரு அண்டா சுண்டலும் அவித்த முட்டையும் மோரும் வைத்துப் பாருங்கள். வளாகத்துக்குள் ஜங்க் ஃபுட் வேண்டாம் என்று யுஜிசி 2016-இல் எழுதி, 2018-இல் மறுபடியும் எழுதியது. அந்தச் சுற்றறிக்கை உங்கள் அலுவலக ஃபைலில் இருக்கும்.

அப்புறம், நான் முக்கியமாகக் கேட்பது இதுதான். சேர்க்கையின்போது உடல்தகுதிச் சான்று வாங்குகிறீர்கள். உயரம், எடை, கண்பார்வை, ரத்த வகை. அதோடு லிபிட் புரொஃபைல் என்கிற ரத்தக் கொழுப்புப் பரிசோதனையையும் சேர்த்துவிடுங்கள். 18 வயதில் முதல் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்று இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் சொல்லிவிட்டது. முதல் தடவைக்கு வெறும் வயிறுகூடத் தேவையில்லை.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஒரு மாணவிக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் 238 என்று எகிறி வந்தது. தினமும் ஓடுகிற பெண், பொரித்ததைத் தொடமாட்டாள். விசாரித்தால், அப்பா 41 வயதில் மாரடைப்பில் போனவர். "வேலை டென்ஷன்னு சொன்னாங்க" என்றாள். ஏறக்குறைய 250 பேருக்கு ஒருவருக்குப் பரம்பரையாகவே இப்படி வரும். எந்த மெஸ்ஸும் அதற்குப் பொறுப்பில்லை, பத்தியத்தால் மட்டும் அது அடங்கவும் அடங்காது, மாத்திரை வேண்டும். ஆனால் ரத்தம் எடுத்துப் பார்க்காமல் அது இருப்பதே தெரியாது. நாலு வருடம் உங்கள் விடுதியில் இருந்தவளுக்கு, வேலையில் சேரப் போகிற வாரத்தில்தான் தெரிந்தது.

ரிப்போர்ட் மாணவர் கைக்கும் கல்லூரி டாக்டர் கைக்கும் மட்டும் போகட்டும். நோட்டீஸ் போர்டுக்கோ பிளேஸ்மென்ட் அலுவலகத்துக்கோ போகவே கூடாது. அந்தப் பயம் இருந்தால் யாரும் கையை நீட்ட மாட்டார்கள்.

அடுத்த சேர்க்கைக்கு முன்னால் மெஸ் கமிட்டி கூடும்போது இந்த இரண்டையும் எழுதி வையுங்கள்: எண்ணெய், முதல் வருட ரத்தப் பரிசோதனை. எங்கள் பக்கத்துக் கல்லூரியில் முகாம் வைத்தால் ரத்தம் எடுக்க நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் முழு நாளும் இருப்பேன், கூலி வேண்டாம்.

அன்புடன்,
ஒரு லேப் டெக்னீஷியன்