120 நாள் என்றால் 120 நாளாக இருக்கட்டும்: எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து அமைப்பு) நிர்வாகிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எஃப்.ஏ.ஏ. நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். நான் சிறிய விமானம் ஓட்டும் ஒரு தனியார் விமானி. எங்கள் விமான நிலையத்தில் ஆய்வு அங்கீகாரம் பெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எங்களில் பலருடைய விமானங்களுக்கு ஆண்டுச் சோதனை செய்து பதிவேட்டில் கையெழுத்துப் போடுபவர் அவர்தான். அவருடைய ஹேங்கர் (விமானக் கொட்டகை) குத்தகையை விமான நிலைய நிர்வாகம் புதுப்பிக்க மறுத்துவிட்டது. சென்ற மாதக் கூட்டத்தில் எழுந்து காரணம் கேட்டார். மேலாளர் சொன்ன பதில்: "வேண்டுமானால் பார்ட் 16 புகார் கொடுத்துக்கொள்ளுங்கள்."

விமான நிலையம் தன் உறுதிமொழியை மீறினால் உங்களிடம் கொடுக்கும் புகார்தான் அது. அந்த ஒரு வரிதான் இந்த மடலை எழுத வைத்தது. பாதிக்கப்பட்டவரைக் காப்பாற்ற வந்த விதியை, தவறு செய்தவரே "போய்க் கொடு" என்று சொல்லும் அளவுக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? 120 நாளில் வர வேண்டிய தீர்ப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதிலிருந்துதான்.

உங்களிடம் மானியம் வாங்கும் விமான நிலையங்கள் தரும் உறுதிமொழிகளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாகுபாடு கூடாது என்கிறது 22ஆவது. யாருக்கும் ஏகபோக உரிமை தரக் கூடாது என்கிறது 23ஆவது. எங்கள் ஊரில் நடப்பது என்ன? ஹேங்கர் இல்லாதவர் பழுதுபார்க்கும் தொழில் செய்யக் கூடாது என்று ஒரு விதி. இவருக்கு ஹேங்கர் கிடையாது என்று ஒரு முடிவு. எரிபொருள் விற்கும் நிறுவனத்துக்கே பழுதுபார்ப்பும் போய்ச் சேருகிறது. ஹேங்கர் விமானத்துக்குத்தான் என்று நீங்கள் வகுத்த கொள்கை 2017 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் இரண்டாவது வரிசை ஹேங்கர் ஒன்றில் டிரெய்லரோடு ஒரு படகு நிற்கிறது.

இப்போது அவர் வேலை செய்வது வெட்டவெளியில், விமானத்தைக் கட்டி நிறுத்தும் இடத்தில். அதையும் என்று தடுப்பார்களோ தெரியாது. என் விமானத்தின் ஆண்டுச் சோதனை அப்படித்தான் நடந்தது. என்ஜின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் ஹெலிகாப்டர் இறங்கும்போதெல்லாம் ஓடிவந்து தார்ப்பாயால் மூடினார். சிலிண்டருக்குள் விட்டுப் பார்க்கும் கேமராவின் திரை வெயிலில் தெரியவில்லை. தலைமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, அந்த இருட்டில் வால்வு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருடைய கேட் கார்டையும் முடக்கிவிட்டார்கள். எங்களில் யாராவது வந்து கதவைத் திறக்கும்வரை, கருவிப் பெட்டியோடு வேலிக்கு வெளியே நிற்கிறார். என் உயிரை நம்பி ஒப்படைக்கிற மனிதர் அவர். அவரை அங்கே நிற்க வைத்துவிட்டு உள்ளே போக எனக்குக் கூசுகிறது.

சரி, புகார் கொடுக்கலாம்தானே என்பீர்கள். முதலில் பேசித் தீர்க்க முயன்றதைக் காட்ட வேண்டும். பிறகு மனு, பதில், மறுப்பு. கடைசி ஆவணம் வந்த பிறகு உங்கள் இயக்குநர் முடிவு சொல்ல 120 நாள் என்று உங்கள் விதியே சொல்கிறது. ஆனால் அந்தக் கெடுவை நீங்களே நீட்டிக்கொள்ள முடியும். அதன்மேல் மேல்முறையீடு இருக்கிறது. இந்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் போவது எங்களில் யாருக்கும் புதிய செய்தி அல்ல. நேராக நீதிமன்றம் போகவும் வழியில்லை. மானிய உறுதிமொழிகளை வைத்துத் தனிநபர் வழக்குப் போட முடியாது என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. உங்கள் கதவு ஒன்றுதான் இருக்கிறது. அது திறக்கும்வரை ஒரு மெக்கானிக் எதை வைத்துப் பிழைப்பார்?

விமானி பக்கம் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். வீடு மாறி 30 நாளுக்குள் புது முகவரியைத் தெரிவிக்காவிட்டால், தெரிவிக்கும்வரை எனக்குப் பறக்க உரிமை இல்லை. அவசர ஆணை போட்டு உரிமத்தை ரத்து செய்தால் அன்றே அமல். மேல்முறையீட்டுக்கு 10 நாள். அவசரம் என்ற முடிவையே எதிர்க்க வேண்டுமென்றால் 2 நாள். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்த வழக்கை 60 நாளில் முடித்தாக வேண்டும். வேகம் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆபத்தான விமானியை உடனே நிறுத்தத்தான் வேண்டும். விமானிக்கு அப்படி நாள் எண்ண முடிகிற சட்டத்துக்கு, விமான நிலையத்துக்கும் எண்ண முடியும் என்கிறேன்.

தாமதமாக வரும் நடவடிக்கையின் விலையை 2003 மார்ச்சில் சிகாகோவில் எல்லோரும் பார்த்தோம். மெய்க்ஸ் ஃபீல்ட் என்ற சிறிய விமான நிலையத்தின் ஓடுபாதையை நகர நிர்வாகமே இரவோடு இரவாக புல்டோசர் விட்டுக் கிழித்தது. விமானங்கள் அங்கேயே சிக்கின. முன்னறிவிப்பு தராததற்கு அன்றைய சட்டத்தில் போட முடிந்த அபராதம் 33,000 டாலர். அப்புறம் காங்கிரஸ் அதை நாளுக்கு 10,000 டாலர் வரை உயர்த்தியது, இடிப்புக்குத் தவறாகச் செலவிட்ட விமான நிலைய நிதிக்காக நகரம் 2006இல் பத்து லட்சம் டாலரைத் திருப்பியும் கட்டியது. ஓடுபாதை மட்டும் திரும்பி வரவில்லை.

விமானிகளுக்கு 2012இல் உரிமைச் சட்டம் வந்தது. மூடிய ஓடுபாதையில் இறங்கி, உங்கள் விசாரணையைத் தானே சந்தித்த செனட்டர் ஜிம் இன்ஹோஃப் கொண்டுவந்த சட்டம் அது. நல்ல சட்டம், நாங்கள் நன்றியோடு பயன்படுத்துகிறோம். ஆனால் குத்தகை இழந்த மெக்கானிக்குக்கு செனட்டில் இருக்கை கிடையாது. அவருக்காகப் பேச வேண்டியது நீங்கள்தான்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது புதுச் சட்டம்கூட இல்லை. 120 நாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அது 120 நாளாகவே இருக்கட்டும். நீட்டிக்க வேண்டிய கட்டாயம் வந்தால் ஒரே ஒரு முறை, எழுத்தில் காரணம் சொல்லி நீட்டியுங்கள். முடிவு வரும்வரை புகார் கொடுத்தவரின் குத்தகையையும் கேட் கார்டையும் விமான நிலையம் தொடக் கூடாது என்று ஓர் இடைக்கால ஏற்பாடு செய்யுங்கள்.

அவர் புகார் மனுவை எழுதி வைத்திருக்கிறார். உங்களிடமிருந்து இதற்கு ஒரு பதில் வந்தால் மறுநாளே அனுப்புவார். தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

மரியாதையுடன்,
ஒரு தனியார் விமானி