மாமாவின் வீடருக்கு ஒரு வால்வு

கோபிசெட்டிபாளையம்
ஐப்பசி

அன்புள்ள மாப்ளே,

தங்கச்சியும் குழந்தைகளும் சுகந்தானே? இங்கே எல்லாரும் சுகம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் குறைவில்லாமல் வருகிறது, மஞ்சள் நன்றாக நிற்கிறது, அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நோம்பிக்கு வருகிறேன் என்று சொல்லி இந்த முறையும் ஏமாற்றிவிட்டாய். அதற்கான வசவை அம்மா தனியாக எடுத்து வைத்திருக்கிறாள், வந்து வாங்கிக்கொள். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம்.

நம்ம எட்டாம் நம்பர் இருக்கிறானே, அவனுடைய பவர் வீடர், களை எடுக்கிற வண்டி, போய்விட்டது. வாழைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே டமாரென்று ஒரு சத்தம். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடு உடைந்து, அடியில் ஆயில் நிற்கிற கிராங்க் கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மெக்கானிக் பிரித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். உள்ளே இருந்ததை ஆயில் என்று சொல்ல முடியாது. தார் மாதிரி விரலில் ஒட்டி இழுபட்டது. "கொறையக் கொறைய ஊத்திக்கிட்டுத்தானுங்க இருந்தேன்" என்று இவன் சொல்ல, "ஊத்துனீங்க, எப்பவாச்சும் வடிச்சீங்ளா?" என்று மெக்கானிக் கேட்க, பதில் இல்லை. வாயாடி எட்டாம் நம்பர் அன்றைக்குத்தான் வாயடைத்து நின்றான். நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் அவனைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. விடியற்காலம் நாலு மணிக்குத் தண்ணீர் கட்டப் போகிறவன் சோம்பேறியா? ஆயில் வடிக்கிற அந்த போல்ட்டை வைத்திருக்கிற இடம் அப்படி. கிராங்க் கேஸின் அடியில், ஃபிரேமுக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. ஸ்பேனர் முழுசாகத் திரும்பாது. கழற்றினால் சூடான ஆயில் கையில் வழிந்து, ஃபிரேமில் ஓடி, மண்ணில் இறங்கும். போல்ட்டும் வாஷரும் அந்தக் கருப்புக்குள் விழும். வண்டியைச் சாய்த்துப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். இத்தனையும் செய்து வடிப்பது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று யாருக்குத்தான் தோன்றாது?

ஓசூரில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கியர் வரைகிறவனுக்கு நான் இன்ஜின் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனாலும் உன் கையில் கரி பட்டு வெகுகாலம் ஆகிவிட்டதால் சொல்கிறேன். இந்த மாதிரி வீடர்களில் வருகிற ஹோண்டா ஜிஎக்ஸ் 160 இன்ஜின், அதைப் பார்த்துச் செய்த சீன இன்ஜின்கள், எதிலுமே ஆயில் ஃபில்டர் கிடையாது. பம்ப்பும் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் இருக்கிற சின்னக் கரண்டி ஒவ்வொரு சுற்றிலும் ஆயிலை அள்ளி அடிக்கிறது, அவ்வளவுதான் லூப்ரிகேஷன். புது இன்ஜினில் உராய்ந்து விழுகிற உலோகப் பொடி, ஏர் ஃபில்டரைத் தாண்டி வருகிற செம்மண் தூசி, சோக்கில் ஓட்டும்போது இறங்குகிற பெட்ரோல், எல்லாம் அந்த 600 மில்லிக்குள்ளேயே கிடந்து சுற்றும். அதை வெளியே எடுக்க வடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதனால்தான் முதல் ஆயிலை 20 மணி நேரத்திலோ முதல் மாதத்திலோ மாற்று, பிறகு 100 மணி நேரத்துக்கோ 6 மாதத்துக்கோ ஒரு தடவை மாற்று, தூசியில் ஓடினால் இன்னும் சீக்கிரம் மாற்று என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறான். ஆயில் குறைந்தால் இன்ஜினைத் தானே நிறுத்துகிற சென்சார் சிலதில் உண்டு. அது அளவைத்தான் பார்க்கும். ஆயில் கெட்டுப்போனது அதற்குத் தெரியாது.

மெக்கானிக் கடையில் இருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு இதே யோசனை. கடைசியில் என் வீடரைத் தூக்கிக்கொண்டு ஆவாரம்பாளையம் லேத்துக்கார அண்ணனிடம் போனேன். நம்ம லூனாவை உயிர்ப்பித்த அதே அண்ணன்தான். உன்னைக் கேட்டார், இன்னும் அந்த சைலன்சர் கதையை மறக்கவில்லை.

நான் கேட்டது, போல்ட் இருக்கிற இடத்தில் ஒரு வால்வு. ஜப்பான்காரன் ஃபுமோட்டோ என்று ஒன்று செய்கிறான். போல்ட்டைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையிலேயே முறுக்க வேண்டியது. உள்ளே துளை போட்ட ஒரு குண்டு, வெளியே சின்ன லிவர். லிவரைப் பள்ளத்தில் இருந்து தூக்கிவிட்டுத்தான் திருப்ப முடியும், தானாகத் திறந்துகொள்ளாது. மூக்கு வைத்த மாடலில் ஹோஸைச் சொருகினால் ஒரு சொட்டு மண்ணில் விழாமல் கேனுக்குப் போய்விடும். படத்தைக் காட்டினேன். அண்ணன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "காருக்குச் சரி கண்ணு. இது நரநரன்னு அதிர்ற ஒத்தை சிலிண்டரு. இதுல நீட்டமா எதையாச்சும் தொங்க உட்டா திருகு கழுத்துல விரிசல் உடும். காட்டுக்குள்ள வேற ஓட்டற, கொடி கிடி சிக்கி லிவர இழுத்தா?" என்றார்.

யோசித்துப் பார், அரை லிட்டர் ஆயில் கீழே போக எவ்வளவு நேரமாகும்? இன்ஜின் சத்தத்தில் அது நமக்குத் தெரியவும் தெரியாது. வடிக்க வசதி செய்யப் போய் இன்ஜினையே காவு கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அதனால் அவர் சொன்னபடியே செய்தோம். கிராங்க் கேஸில் குட்டையாக ஒரு பித்தளை நிப்பிள் (திருகு போட்ட சின்னக் குழாய்), அதில் இருந்து இரண்டு பக்கமும் நசுக்கி இறுக்கிய (கிரிம்ப்) சாண் நீள நைட்ரைல் ஹோஸ், அதாவது ஆயில் தாங்குகிற ரப்பர், அதன் முனையில் ஃபிரேமோடு கிளாம்ப் போட்டு இறுக்கிய கால் இஞ்சு பால் வால்வு. வால்வு வாயிலும் திருகு மூடி ஒன்று போட்டாயிற்று. லிவரே திறந்துகொண்டாலும் மூடி பிடித்துக்கொள்ளும். இன்ஜினை ஃபிரேமில் நேராக போல்ட் போட்டிருப்பதால் இரண்டும் சேர்ந்தே அதிரும், ஹோஸுக்கு இழுவை வராது. ரப்பர் மவுண்ட்டில் உட்காருகிற சின்ன ஜெனரேட்டராக இருந்தால் இன்ஜின் தனியாக ஆடும். அதற்கு ஜப்பான்காரன் மாதிரிக் குட்டை வால்வே மேல், கொடி சிக்குகிற பயமும் அங்கே இல்லை.

அந்த நிப்பிளைக் கடையும்போது அண்ணன் இரண்டு காரியம் செய்தார், நீ கேட்டால் சந்தோஷப்படுவாய். முதலில் திருகுப் பற்களின் இடைவெளியை அளக்கிற பிச்சு கேஜை வைத்துப் பார்த்தார். அந்த போல்ட் 10 மி.மீ., பிச்சு 1.25. ஹார்டுவேர் கடையில் சும்மா 10 எம்எம் என்று கேட்டால் 1.5 பிச்சைத்தான் எடுத்துக் கொடுப்பான். ஒரு சுற்று ஏறும், பிறகு இறுகும், நாம் பலத்தைக் காட்டினால் அலுமினியத் திருகு மொத்தமாக வழித்துக்கொண்டு வரும். அப்புறம் ஓட்டையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் என்கிற கம்பித் திருகுச் சுருளைப் போட்டு அழவேண்டியதுதான். இரண்டாவது, நிப்பிளின் உள்முனை கேஸுக்குள் துருத்தாதபடி மட்டமாகச் சீவினார். துருத்தினால் அந்த உயரத்துக்கு அடி ஆயில் தேங்கிவிடும், கசடு எல்லாம் அதில்தான் இருக்கும். பேசிக்கொண்டே செய்தார், கை மட்டும் ஒரு நூல் பிசகவில்லை. அந்த இன்ஜினில் இரண்டு பக்கமும் வடிகால் போல்ட் உண்டு என்பதையும் அவர்தான் காட்டினார். கைப்பிடிப் பக்கம் இருக்கிறதில் போட்டோம், களை வந்து மோதாத பக்கம்.

இப்போது ஆயில் மாற்றுவது எப்படித் தெரியுமா? ஐந்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்குகிறேன், அணைக்கிறேன், மூடியைக் கழற்றி, வால்வு வாயில் வேறொரு ஹோஸைச் சொருகி கேனில் விட்டு லிவரைத் திருப்புகிறேன். முதலில் கருப்பாகத் தடித்து வந்து, பிறகு நூலாகி, சொட்டாகி நிற்கும். துளை சின்னது, போல்ட்டைக் கழற்றுவதைவிட நேரம் ஆகத்தான் செய்கிறது. ஆகட்டும், நான் அதன் பக்கத்தில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லையே. அடைத்துவிட்டு 10டபிள்யூ-30 ஆயில் ஊற்றினால் முடிந்தது. எட்டாம் நம்பரை ஒரு தடவை செய்து பார்க்கச் சொன்னேன். லிவரை மூடாமல் புது ஆயிலை ஊற்றி, "என்னடா நெறைய மாட்டேங்குது?" என்கிறான். அவனுக்கு வால்வில் பெயிண்டால் அம்புக்குறி போட்டுக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

மண்ணில் விழாமல் என்று எழுதினேன் பார், அது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை மாப்ளே. நம்ம பக்கம் எல்லாத் தோட்டத்திலும் இன்ஜின் கிணற்று மேட்டில்தான் நிற்கிறது. வடிப்பதும் அங்கேதான். மிச்சத்தைக் கரையானுக்கென்று தொண்டுப்பட்டிப் படலில் பூசுகிறார்கள், மழை வந்தால் அதுவும் கீழேதான் போகும். சாயத் தண்ணீரில் நொய்யல் என்ன ஆனதென்று கண்ணால் பார்த்தவர்கள் நாம். 2011-ல் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது யாரையெல்லாம் திட்டினோம்! நம் கிணற்றோரம் நாமே ஊற்றுகிறதைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. மத்திய அரசின் 2016 கழிவு விதிப்படி பழைய ஆயில் அபாயக் கழிவு. மறுசுத்திகரிப்புக்கு அனுமதி வாங்கியவர்களிடம்தான் அது போய்ச் சேர வேண்டும். நான் கேனில் சேர்த்து வைக்கிறேன், சர்வீஸ் கடைக்காரர் தன் பேரலோடு சேர்த்து அனுப்பிவிடுகிறார்.

இனி உனக்கு வேலை. மாமா ஆடியில் வாங்கின புது வீடர் 20 மணி நேரம் தாண்டி வெகுநாள் ஆகியிருக்கும். முதல் ஆயில் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, போன வாரம் போய் ஆயில் அளவு பார்க்கிற குச்சியை எடுத்துப் பார்த்தேன். "புது வண்டிக்கு என்னத்துக்குடா?" என்கிறார். நான் மாற்றட்டுமா என்றால், "நானே சாய்ச்சு வடிச்சுக்கறேன், நீ போ" என்கிறார். இடுப்பு ஆபரேஷன் முடிந்து இன்னும் வருஷம் ஆகவில்லை, அவர் அந்த வண்டியைத் தனியாகச் சாய்ப்பதை நினைத்தாலே எனக்குப் பகீரென்கிறது. நான் சொன்னால் கேட்க மாட்டார், நீ சொன்னால் முனகிக்கொண்டாவது கேட்பார். இன்றைக்குப் பொழுதோடு ஃபோன் போடு. ஞாயிற்றுக்கிழமை நான் போய் ஆயிலை மாற்றி, போல்ட்டை அளந்துகொண்டு வருகிறேன். மறு வாரம் வால்வு போட்டுவிடலாம். காசுப் பேச்சு எடுக்காதே. அதற்குப் பதில் வரும்போது ஓசூரில் நல்ல நைட்ரைல் ஹோஸ் கால் இஞ்சு உள்விட்டத்தில் இரண்டு மீட்டர் வாங்கி வா. கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் டியூப்பைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். சூட்டு ஆயில் பட்டால் அது விறைத்து வெடித்துவிடும், வேண்டாம் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் மாப்ளே