வளாகத் தேர்வுக்கு வரும் மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறை ஆசிரியை நான். பிளேஸ்மென்ட் குழுவிலும் இருப்பதால் ஒவ்வோர் ஆண்டும் உங்களோடு பேசிப் பழகும் வாய்ப்பு கிடைக்கிறது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

இந்த முறை வந்த ஒரு நிறுவனம், எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்கு ஆன்லைனில் ஓர் ஆளுமைச் சோதனை வைத்தது. பதினாறு வகையில் நீங்கள் எந்த வகை என்று நான்கு ஆங்கில எழுத்தில் சொல்லும் மையர்ஸ்-பிரிக்ஸ் (MBTI) வகைச் சோதனை. அடுத்து குழு விவாதம். இறுதிப் பட்டியலில் என் மாணவி ஒருத்தியின் பெயர் இல்லை. காரணம் கேட்டதற்கு வந்த பதில்: "உள்முகமானவர் (இன்ட்ரோவர்ட்), குழுவோடு ஒட்ட மாட்டார், தலைமைப் பண்பு குறைவு."

அந்தப் பெண் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் எங்களிடம் வந்தவள். லேபில் யாருக்காவது புரோகிராம் ஓடவில்லை என்றால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் நான்கு பையன்கள் சுற்றி நிற்க, ஸ்கிரீனில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்: "இங்க பாரு, இந்த ஃபங்ஷன் தன்னையே கூப்பிட்டுட்டே இருக்கு. எங்க நிக்கணும்னு நீ சொல்லவே இல்லையே!" ரிகர்ஷனை என் வகுப்பில் புரிந்துகொள்ளாதவர்கள்கூட அன்று தலையாட்டினார்கள். குழுவோடு ஒட்ட மாட்டார் என்று நீங்கள் எழுதியது இவளைப் பற்றித்தான்.

விவாதத்தில் அவள் இரண்டே முறைதான் பேசினாள். உண்மை. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் ஆங்கிலத்தில் கோத்து முடிப்பதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர் ஆரம்பித்துவிடுகிறார். அது மொழித் தயக்கம். பயிற்சி கொடுத்தால் ஆறு மாதத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். அதைப் பிறவிக் குணம் என்று எழுதி மூடிவிடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த நான்கு எழுத்து எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் ஆளுமை வகைகளைப் பற்றி எழுதியதை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது. இருவரும் முறைப்படி உளவியல் படித்தவர்கள் இல்லை. அதற்காக அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்வது, அந்தச் சோதனையை விற்கும் நிறுவனமேதான். தன்னைத் தானே கொஞ்சம் புரிந்துகொள்ள என்று வைத்த கருவியைக் கொண்டு நீங்கள் ஆளைக் கழிக்கிறீர்கள்.

மனிதர்களின் உள்முகமும் வெளிமுகமும் உயரத்தைப் போலத்தான் பரவிக் கிடக்கின்றன. மிக நெட்டை கொஞ்சம், மிகக் குட்டை கொஞ்சம், மற்றவர்கள் எல்லாம் நடுவில். நடுவில் ஒரு கோடு கிழித்து இந்தப் பக்கம் ஒரு வகை, அந்தப் பக்கம் ஒரு வகை என்றால், கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவரின் எழுத்து அடுத்த மாதமே மாறும். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானோருக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடுகிறது.

"ஆனாலும் ரிப்போர்ட் அப்படியே பொருந்துதே மேடம்" என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948இல் தன் மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனை வைத்து, ஆளுக்கொரு அறிக்கை கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அத்தனை பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே அறிக்கை. அதில் பெரும்பகுதி கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

சரி, குணத்துக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. பேரிக், மவுண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எல்லா வகை வேலைக்கும் பொதுவாகக் கைகொடுத்த ஒரே குணம் பொறுப்புணர்வு, எடுத்ததை ஒழுங்காக முடிக்கும் குணம். கலகலப்பாகப் பேசுவது விற்பனைக்கும் மேலாளர் வேலைக்கும் ஓரளவு உதவியது. அந்த விற்பனையிலும் ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 340 கால் சென்டர் ஊழியர்களைப் பார்த்தபோது, அதிகம் ஈட்டியவர்கள் வாய் ஓயாதவர்களும் இல்லை, அமைதியானவர்களும் இல்லை, நடுவில் இருந்தவர்கள். அமைதியானவருக்குத் தலைமை வராது என்பதும் நிற்கவில்லை. அமெரிக்க பீட்சா கடைகளில் நடத்தி 2011இல் வெளியான ஓர் ஆய்வு, தாமாக முன்வந்து யோசனை சொல்லும் ஊழியர்கள் இருந்த இடத்தில் அமைதியான மேலாளரின் கடைதான் அதிக லாபம் பார்த்தது என்றது. சொன்னதை மட்டும் செய்யும் ஊழியர்கள் இருந்த கடைகளில் நிலைமை தலைகீழ்.

எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதே அநியாயம்தான். நிறையப் பேசினால் "ஆழம் இல்லை", உணர்ச்சியோடு பேசினால் "பிரஷர் தாங்க மாட்டான்", நேராகக் கேள்வி கேட்டால் "திமிர் பிடித்த வகை." பெண்களாக இருந்தால் இன்னும் மோசம். பேசாமல் இருந்தால் அடக்கமான பெண் என்று வீட்டில் மெச்சுகிறார்கள், நீங்கள் கழிக்கிறீர்கள். வாய் திறந்தால் வீட்டில் வாயாடி, உங்கள் ரிப்போர்ட்டில் அடங்காதவள். ஒரு பையன் அதே அளவு பேசினால் தன்னம்பிக்கை என்று எழுதுகிறீர்களே, அதை ஒரு முறை உங்கள் பழைய தாள்களை எடுத்து வைத்துப் பாருங்கள்.

எனக்குக் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம். அந்தப் பெண் இப்போது தோழிகளிடம் "நான் இன்ட்ரோவர்ட், எனக்கு டீம் லீட் எல்லாம் வராது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். இருபத்தொரு வயதில் தன்னைப் பற்றி ஓர் இணையதளம் சொன்னதை நம்பிவிட்டாள்.

அடுத்த சீசனுக்கு வரும்போது ஆளுமைச் சோதனைக்கு ஒதுக்கும் நேரத்தை எங்களிடம் கொடுங்கள். லேப் தயாராக இருக்கும். மூன்று மூன்று பேராக உட்கார வைத்து, பிழையுள்ள ஒரு புரோகிராமைக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ அவர்கள் பேசிக்கொள்ளட்டும். யார் பிழையைக் கண்டுபிடிக்கிறார், யார் மற்றவருக்குப் புரிய வைக்கிறார், யார் தன் தவறை ஒத்துக்கொள்கிறார் என்று பின்னால் நின்று பாருங்கள். கேள்வித்தாள் தயாரிக்க ஆள் வேண்டும் என்றால் எங்கள் துறையே செய்து தரும்.

இப்படிக்கு,
பிளேஸ்மென்ட் குழுவில் உள்ள ஓர் ஆசிரியை