சிங்கப்பூர் செலவும் மாப்பிள்ளையின் கார்டும்

கும்பகோணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது என்று நீ சொன்னதிலிருந்து அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பால்காரரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. பேரனுக்கு ஜன்னல் சீட் கிடைத்ததா என்று என்னைத்தான் தினம் கேட்கிறார், ஏதோ நான் விமானம் ஓட்டுவதுபோல.

நான் எழுத வந்தது கார்டைப் பற்றி. போனில் ஆரம்பித்தால் "அவர் பார்த்துப்பார்மா" என்று வைத்துவிடுவாய். மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் கணக்கில் உனக்கென்று வாங்கிய அந்த ஆட்-ஆன் கார்டு உன் பையில் இருக்கிறது, கடைக்குள் நுழைந்தால் தேய்க்கப்போவதும் நீதான். ரிடையர் ஆகும்வரை பேங்க் கவுண்டரில் உட்கார்ந்தவள் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

எந்தக் கார்டில் எத்தனை சதவீதம் பிடிக்கிறார்கள் என்று அவர் ராத்திரி பூராவும் வீடியோ பார்க்கிறார் என்றாயே, விஷயம் இதுதான். நம் ஊர் கிரெடிட் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் நாணயத்தை மாற்றுவதற்கு பேங்க் ஃபாரக்ஸ் மார்க்கப் என்று ஒரு கூடுதல் கட்டணத்தைச் சேர்க்கும். பெரும்பாலான கார்டுகளில் அது 3.5 சதவீதம். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கணக்குக்காக ஒரு சிங்கப்பூர் டாலரை 70 ரூபாய் என்று வைத்துக்கொள். 100 டாலருக்குப் பேரனுக்கு ஷூ வாங்கினால் 7,000 ரூபாய், மார்க்கப் 245, அதற்கு ஜிஎஸ்டி 44. ஆக 7,289. மொத்தத்தில் 4.13 சதவீதம் கூடுதல். கொஞ்சம் உயர்ந்த ரகக் கார்டுகளில் மார்க்கப் 2 சதவீதம்தான். மார்க்கப்பே இல்லாத கார்டுகளும் இப்போது வந்துவிட்டன. வருஷக் கட்டணம் இல்லாமல் கிடைத்தால் ஒன்று வாங்கட்டும், தப்பில்லை. ரிவார்டு பாயிண்ட் வருகிறதே என்பதை மட்டும் சமாதானமாக எடுத்துக்கொள்ளாதே. நூற்றுக்கு ஒரு ரூபாய் திரும்பி வந்தாலே பெரிது, போவது நாலு ரூபாய்.

ஆனால் ஒரு லட்சம் ரூபாய் கார்டில் செலவழித்தாலும் இந்த மார்க்கப் 4,130 ரூபாயோடு முடிந்துவிடும். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவரிடம் சொல். (நான் சொன்னதாகச் சொல்லாதே.)

எனக்குக் கவலை பில் வந்த பிறகுதான். பில்லை முழுசாகக் கட்டாமல் விட்டால் மாத வட்டி பல கார்டுகளில் 3.5 சதவீதம், சிலவற்றில் 3.75. அந்த வட்டிக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 3.5-க்குக் கணக்குப் போட்டுப் பார். அதே 4.13 சதவீதம் வரும்! ஒரு மாசம் தள்ளிப்போட்டால், பயணம் முழுக்கக் கொடுத்த மார்க்கப்பை அப்படியே இன்னொரு தடவை கொடுக்கிறீர்கள். மூணு மாசம் தள்ளினால் மூணு தடவை. அரை சதவீதம் குறையுமா என்று கார்டு கார்டாக ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு வாத்தியார், குடும்பத்தோடு மலேசியா போய்வந்தவர், கையில் ஸ்டேட்மென்ட்டோடு என் கவுண்டருக்கு வந்தார். "மாசாமாசம் தவறாமல் கட்டுகிறேன் மேடம், பாக்கி குறையவே மாட்டேன் என்கிறதே" என்றார். பாக்கி 1,20,000 ரூபாய். மினிமம் டியூ, அதாவது அந்த மாசம் குறைந்தபட்சம் கட்ட வேண்டியது, என்று போட்டிருந்த 6,000-ஐ ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினேன்: வட்டி 4,200, ஜிஎஸ்டி 756. அவர் கட்டிய ஆறாயிரத்தில் அசலுக்குப் போனது 1,044 ரூபாய். அதோடு போகவில்லை. பாக்கி வைத்திருக்கிறவருக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. ஊரில் அவர் போட்ட பெட்ரோலுக்கும் வாங்கிய மளிகைக்கும் அன்றன்றைக்கே வட்டி ஏறிக்கொண்டிருந்தது. மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மினிமம் கட்டினால் அபராதம் வராது, அவ்வளவுதான் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதனால் கிளம்புவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். சிங்கப்பூருக்கு எவ்வளவு செலவு என்று முடிவு செய்கிறீர்களோ, அந்தப் பணத்தை சேமிப்புக் கணக்கில் தனியாக எடுத்து வையுங்கள். இல்லாத பணத்துக்குக் கார்டு தேய்க்க வேண்டாம். 2020-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, புதுக் கார்டு வரும்போதே வெளிநாட்டு உபயோகம் மூடித்தான் இருக்கும். ஆப்பில் போய் நாமேதான் திறக்க வேண்டும், எவ்வளவு வரை என்று வரம்பும் போடலாம். தனியாக எடுத்துவைத்த தொகையையே அந்த வரம்பாகப் போட்டுவிடு. இதை ஏர்போர்ட்டில் நின்றுகொண்டு செய்யாமல் வீட்டிலேயே முடித்துக்கொள். உன் ஆட்-ஆன் கார்டுக்குத் தனியாகத் திறக்க வேண்டியிருக்கும், அதையும் பார். திரும்பி வந்த அன்றைக்கே மூடிவிடு. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்காமலே, கார்டு எண்ணும் பின்பக்கத்து மூணு இலக்க சிவிவியும் இருந்தாலே பணம் எடுத்துவிடுவார்கள்.

அடுத்தது நீ கடையில் நிற்கும்போது கவனிக்க வேண்டியது. இந்தியக் கார்டு என்று மெஷினுக்குத் தெரிந்ததும் பல கடைகளில் திரையில் ரெண்டு தொகை வரும். ஒன்று எஸ்ஜிடி என்று டாலரில், இன்னொன்று ஐஎன்ஆர் என்று ரூபாயில். எதில் கட்டுகிறீர்கள் என்று கேட்கும். ரூபாயைப் பார்த்ததும் மனசு அதில்தான் போகும், நமக்குப் புரிகிற கணக்கு ஆயிற்றே. அதைத் தொடாதே. எப்போதும் டாலர்தான். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது அந்தக் கடைக்காரரின் மெஷின் கம்பெனி. அந்த 100 டாலர் ஷூவுக்கு அவர்கள் 5 சதவீதம் ஏற்றி 7,350 என்று காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள். அதோடு முடிந்தது என்று நினைப்பாய். இங்கே நம் பேங்க், வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் கட்டினாய் என்பதற்கே 1 சதவீதமும் ஜிஎஸ்டியும் போடும்; பல பேங்குகளில் இந்தக் கட்டணம் உண்டு. 7,437 ஆகிவிடும். டாலரில் கட்டியிருந்தால் 7,289.

சில கடைகளில் கேஷியரே நம்மைக் கேட்காமல் ரூபாயை அழுத்திவிடுவார். பின் நம்பர் போடுவதற்கு முன் திரையைப் பார், சீட்டு வந்ததும் சீட்டைப் பார். ரூபாயில் இருந்தால் கேன்சல் செய்து டாலரில் போடச் சொல். கூச்சப்படாதே, பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை. ஹோட்டல் புக்கிங் தளத்தில் விலையை ரூபாயில் காட்டும்போதும் இதே கதைதான்.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டு நோட்டு எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்த நிமிஷத்திலிருந்து வட்டி ஓடும், எடுத்ததற்குத் தனிக் கட்டணம், அதன் மேல் மார்க்கப். மூணு பக்கமும் அடி. நோட்டு வேண்டுமென்றால் இங்கேயே கொஞ்சம் டாலர் மாற்றிக்கொண்டு போங்கள், போதாவிட்டால் லிட்டில் இந்தியாவில் முஸ்தஃபா சென்டர் என்ற பெரிய கடைப் பக்கம் நாணய மாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள். அவசரத்துக்கு டெபிட் கார்டு. அந்த ஏடிஎம்மும் "எங்கள் விகிதத்தில் மாற்றித் தரட்டுமா" என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்தினாலும் பணம் வரும், பயப்படாதே.

நோட்டு கொஞ்சம் கையில் இருக்கத்தான் வேண்டும். தேக்கா சந்தையில் சாப்பிடப் போனால் எல்லாக் கடையிலும் நம் கார்டு எடுக்க மாட்டார்கள், உள்ளூர்க்காரர்கள் க்யூஆர் காட்டிக் கட்டிவிட்டுப் போவார்கள். நம் யுபிஐயையும் பணம் அனுப்பும் அவர்களுடைய பேநவ்வையும் 2023 பிப்ரவரியில் இணைத்தார்கள் என்று மாப்பிள்ளை சொல்லியிருப்பார். உண்மைதான், ஆனால் அது ஆளுக்கு ஆள் பணம் அனுப்புவதற்கு. பார்க்கிற க்யூஆரில் எல்லாம் ஜிபே ஓடும் என்று நம்பி வெறுங்கையோடு போய் நிற்காதே. ஏசி ரெஸ்டாரன்ட்டில் மெனு விலைக்குப் பக்கத்தில் ரெண்டு பிளஸ் குறி இருந்தால், 10 சதவீதம் சேவைக் கட்டணமும் அந்த ஊர் ஜிஎஸ்டி 9 சதவீதமும் தனி. 20 டாலர் சாப்பாடு 24 டாலர் ஆகும். அதற்கு மேல் டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை, அப்பாவைப்போல மாப்பிள்ளையும் தாராளமாக எடுத்து நீட்டுவார், பார்த்துக்கொள்.

எம்ஆர்டி ரயிலிலும் பஸ்ஸிலும் கார்டையே தட்டிப் போகலாம். வெளிநாட்டுக் கார்டு என்பதால் ஒரு நாளைக்கு 60 காசு, அதாவது 0.60 டாலர், கூடுதலாகப் பிடிப்பார்கள். இதைத் தவிர்க்கத் தனிப் பயண அட்டை வாங்கச் சொல்லுவார்கள். அந்த அட்டைக்கே 5 டாலர் போய்விடும், திரும்பி வராது. நீங்கள் இருக்கப்போகிற நாட்களுக்குக் கார்டைத் தட்டுவதே லாபம். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், ஏறும்போது தட்டிய கார்டையேதான் இறங்கும்போதும் தட்ட வேண்டும். சில நாள் கட்டணத்தைச் சேர்த்து ஒரே வரியாக ஸ்டேட்மென்ட்டில் போடுவார்கள், இதென்ன புதுத் தொகை என்று பதறாதே.

ஹோட்டலில் செக்-இன் செய்யும்போது டெபாசிட்டுக்குக் கார்டு கேட்பார்கள். அங்கே கிரெடிட் கார்டுதான் நல்லது. லிமிட்டில் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள், கிளம்பியதும் விட்டுவிடுவார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் கணக்கில் இருக்கும் பணமே முடங்கும், திரும்பி வர நாளாகும். ஒன்றை மறந்துவிடாதே: உன் கார்டும் அவர் கார்டும் ஒரே லிமிட்டைப் பங்கு போடுகின்றன. அங்கே ஹோட்டல் பிடித்துவைத்த தொகையும் அவர் காலையில் தேய்த்ததும் போகத்தான் உனக்கு மிச்சம். அவருடைய கணக்கை பேங்க் நிறுத்தினால் உன் கார்டும் நின்றுவிடும். அதனால் வேறு பேங்கின் கார்டு ஒன்று, உன் பெயரில் இருக்கிறதே அந்தப் பழைய டெபிட் கார்டாவது, வேறு பையில் இருக்கட்டும். ரெண்டையும் ஒரே பர்ஸில் வைத்தால் ரெண்டு எடுத்துப் போய் என்ன பிரயோஜனம்?

கார்டு தொலைந்தால் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் ஆப்பில் பிளாக் செய். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நம் தப்பும் பேங்கின் தப்பும் இல்லாமல் வெளி ஆள் பணம் எடுத்திருந்தால், தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் பேங்குக்குச் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை. அந்தத் தகவல் எஸ்எம்எஸ்ஸில்தான் வரும். அங்கே போய்ப் புது சிம் போடுவதற்காக நம் ஊர் சிம்மைக் கழற்றிச் சோப்பு டப்பாவில் போட்டுவிடாதே.

100 டாலருக்கு மேல் ஏதாவது வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டி, சுற்றுலாப் பயணிக்கான ஜிஎஸ்டி திரும்பக் கேள், பெரிய கடைகளில் செய்துகொடுப்பார்கள். சாங்கி ஏர்போர்ட்டில் பெட்டியை அனுப்புவதற்கு முன்னால், அதற்கென்று இருக்கிற மெஷினில் முடித்துவிட வேண்டும். பேரன் அங்கே அருவியைப் பார்க்க ஓடுவான், நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.

அப்புறம், போன மாசத்து பில்லின் கடைசித் தேதி நீங்கள் அங்கே இருக்கும்போது வருகிறதா என்று பார். வந்தால் கிளம்பும் முன்பே கட்டிவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் பேங்கிலிருந்து செய்தி வரும், உங்கள் செலவை 12 மாத ஈஎம்ஐயாக மாற்றித் தருகிறோம் என்று. போனும் வரும், ரொம்ப இனிமையாகப் பேசுவார்கள். பிராசசிங் கட்டணம், வட்டி, வட்டிக்கு ஜிஎஸ்டி எல்லாம் அதில் இருக்கும். பணம் எடுத்துவைத்திருப்பதால் உங்களுக்கு அது தேவைப்படாது. எதிர்பாராத செலவு வந்து கை மீறிப்போனால், மினிமம் டியூ கட்டுவதற்கு ஈஎம்ஐ எவ்வளவோ மேல், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கும் முன்னால் என்னிடம் சொல். என் எஃப்டி ஒன்றை முன்கூட்டி உடைத்தால் வட்டியில் கொஞ்சம் குறைப்பார்கள், அவ்வளவுதான் நஷ்டம். மாப்பிள்ளைக்குச் சங்கடமாக இருக்குமென்றால் எனக்கும் உனக்கும் நடுவில் இருக்கட்டும், மெதுவாகத் திருப்பிக் கொடு.

அப்பாவுக்குக் கோடாலி தைலம் ரெண்டு பாட்டில் வேண்டுமாம், மூட்டு வலிக்கு. பெரியம்மாவுக்கும் ஒன்று சேர்த்து மூணாக வாங்கிவிடு. மிச்சமிருக்கிற சில்லறை டாலரை அதற்குக் கொடு.

இப்படிக்கு,
அம்மா