மாம் திருவண்ணாமலைக்கு வந்தது வேவு பார்க்கவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், உளவாளிகளாக இருந்த எழுத்தாளர்களைப் பற்றிய கட்டுரையில் ஒரு வாக்கியம் என்னை மிகவும் வருத்திவிட்டது. 1938-இல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைப் பார்த்ததும் பிரிட்டிஷ் உளவுத்துறை ஏவிய வேலைதானாம். இதற்கு ஆதாரமாக ஒரு வரிகூட இல்லை.

மாம் யாருக்காக, எப்போது, என்ன வேலை செய்தார் என்பது தாங்கள் அறியாததல்ல. முதல் உலகப்போரின்போது, 1915-இல், பிரிட்டிஷ் உளவுத்துறை அவரை ஜெனீவாவுக்கு அனுப்பியது. நாடகம் எழுத வந்தவர் என்று பெயர். சுவிட்சர்லாந்து நடுநிலை நாடு, வேவு பார்த்துப் பிடிபட்டால் சிறை. அதனால் நாடகத்தை உண்மையாகவே எழுதிக்கொண்டிருந்தார். 1917-இல் விளாடிவாஸ்டாக் வழியாக ரயிலில் அன்றைய ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடு போனார். கையில் 21,000 டாலர். ரஷ்யப் பிரதமர் கெரன்ஸ்கியின் அரசு கவிழாமலும், ரஷ்யா போரிலிருந்து விலகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. ஆயுதம் கேட்டு பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜுக்குக் கெரன்ஸ்கி சொல்லியனுப்பிய செய்தியை லண்டனுக்குக் கொண்டுவந்தவரும் மாம்தான். அவருக்குத் திக்குவாய். பிரதமர் எதிரில் பேச்சு வராது என்று பயந்து, எல்லாவற்றையும் தாளில் எழுதி நீட்டினார். முடியாது என்று பதில் வந்தது. அந்த நவம்பரிலேயே ஆட்சி லெனினின் போல்ஷெவிக் கட்சி கைக்குப் போயிற்று. மாம் காசநோயோடு ஸ்காட்லாந்தில் சானடோரியத்தில் படுத்தார்.

இவ்வளவும் பதிவில் இருக்கிறது. 21 ஆண்டுகள் கழித்து, அறுபதைக் கடந்த வயதில், ஆசிரமத்தில் மயங்கி விழுந்து, ரமணரே எழுந்து வந்து பார்த்த மனிதர் அங்கே எதை வேவு பார்த்தார்? யாருக்குச் சொன்னார்? அந்தப் பயணத்தில் கிடைத்ததை 1944-இல் நாவலாகவும் 1958-இல் ரமணரைப் பற்றிய கட்டுரையாகவும் ஊரறியவே அச்சிட்டார்.

உளவு வேலை என்றால் மேலதிகாரி, செய்தி போகும் வழி, பணம் வந்த கணக்கு என்று ஏதாவது ஒரு தடயம் மிஞ்சும். ஆங்கில எழுத்தாளர் அப்ரா பென் 1666-இல் ஆன்ட்வெர்ப்பில் 'அஸ்ட்ரேயா' என்ற ரகசியப் பெயரில் வேலை பார்த்தார். அனுப்பியவர்கள் ஒழுங்காகப் பணம் தராததால் கடன் ஏறி, கெஞ்சி எழுதிய கடிதங்கள் இன்றும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நாவலாசிரியர் கிரஹாம் கிரீன் 1942-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் போலீஸ்காரர் வேடத்தில் இருந்தபோது, சங்கேதத் தந்திகளைக் குறியீட்டுப் புத்தகம் வைத்துப் பிரிப்பதும், போர்ச்சுகீசியக் கப்பல்களில் தொழிற்சாலைகளுக்கான வைரம் கடத்தப்படுகிறதா என்று சோதிக்க வைப்பதும்தான் வேலை. இன்னொரு நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்ஸி முதல் உலகப்போரில் ஏதென்ஸில் செய்த வேலையை 1932-இல் புத்தகமாக்கினார். அரசு ரகசியச் சட்டப்படி வழக்குப் போட்டு 100 பவுண்டு அபராதம் விதித்தார்கள். இந்த மூவருக்கும் கட்டுரையில் இடமில்லை. ஆதாரமே இல்லாத ஒன்றுக்கு மட்டும் படத்தோடு அரைப்பக்கம்.

ஒற்றன் கொண்டுவந்த செய்தியையே இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார்க்கச் சொன்னார் வள்ளுவர். பத்திரிகைக்கு அது பொருந்தாதா ஐயா?

ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதிய இயன் ஃபிளெமிங் துப்பாக்கியோடு எதிரி நாட்டில் திரிந்தவர் என்று முன்பும் ஒருமுறை தங்கள் இதழில் வந்தது. அவர் 1939 முதல் பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவின் தலைவர் காட்ஃப்ரேயின் உதவியாளர். கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டியில் 39-ஆம் எண் அறையில், மேசையில் இருந்து திட்டம் போட்டவர். எதிரியின் குறியீட்டுப் புத்தகங்களைக் கைப்பற்றத் தனிப்படை அமைந்ததில் அவருக்குப் பங்குண்டு. ஆனால் முன்வரிசையில் போய்ச் சண்டை போட்டது அந்தப் படை. இதை விளக்கி அப்போதே எழுதினேன். தாங்கள் வெளியிட்டதில், கட்டுரையைப் பாராட்டி மரியாதைக்கு நான் எழுதிய முதல் வரி மட்டும் மிஞ்சியிருந்தது. திருத்தம் முழுவதையும் வெட்டிவிட்டீர்கள்.

சித்தூரில் இருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தீர்களோ என்னவோ. 1911 வரை வடஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகரே எங்கள் ஊர்தான். இன்றும் தெலுங்குப் பலகை மாட்டிய கடைகளில் தமிழ்ப் பேப்பர் வாங்கிப் படிக்கிறோம். ஆனால் செம்மரக் கடத்தலில் யாராவது பிடிபட்டால்தான் தங்கள் பேப்பரில் சித்தூர் பெயர் வருகிறது. வேலூரிலிருந்து பஸ்ஸில் வரும் பேப்பர்க் கட்டுக்குள் ஞாயிறு இணைப்பு பல வாரம் இருப்பதில்லை. ஏஜென்டைக் கேட்டால் "எல்லைக்கு இந்தப் பக்கம் அனுப்பறதில்லைங்க" என்கிறார். விலை மட்டும் முழுசாக வாங்கிக்கொள்கிறார்கள். இந்த இணைப்பைக்கூட வேலூரில் இருக்கும் உறவினர்தான் எடுத்து வைத்துக் கொடுத்தார்.

தாங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. மாம் குறித்த அந்த வாக்கியத்துக்கு ஆதாரம் இல்லை என்று அடுத்த இணைப்பில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். அந்த இணைப்பைச் சித்தூர்க் கட்டிலும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், சித்தூர், ஆந்திரப் பிரதேசம்